தொலைநோக்கும் பொய்ச்சாட்சியும்

1

போன திருவிழா முடிந்த வாரம் என் அக்கா மகள் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மாமா, இதுல ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க. பொருள்ல கை வெக்காதீங்க, ஃபாதர் பாத்து ஓகே பண்ணிட்டாரு" என்றாள். எங்கள் பங்கின் இளைஞர் பணிக்காக எழுதப்பட்ட 'தொலைநோக்கும் பணி இலக்கும்' அது. இனிவரும் ஆண்டுகளில் இளைஞர் இயக்கம் எதை நோக்கிப் போக வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று சொல்கிற அறிக்கை. மூன்று நாள் பயிலரங்கு நடத்தி, ஒன்பது பேர் கொண்ட குழு போட்டு எழுதியிருக்கிறார்கள். குழுவில் காலனிப் பிள்ளை இவள் ஒருத்திதான். தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்பதால் சேர்த்துக்கொண்டார்களாம்.

ஒற்றுப்பிழை பார்த்தேன். நாலைந்து இடங்களில் 'க்'கும் 'ப்'பும் விட்டுப்போயிருந்தன. போட்டேன். பிறகு மறுபடியும் படித்தேன். 'அனைவரும்' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. 'ஒன்றிப்பு' ஐந்து இடம். 'தலைமைத்துவம்' நான்கு இடம். செல்போன் ஒழுக்கம் பற்றி ஒரு பத்தி, மரம் நடுவது பற்றி ஒரு பத்தி, போதைப் பழக்கம் பற்றி ஒரு பத்தி. எல்லாம் தேவையானவைதான், மறுக்கவில்லை. 'சாதி' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'தெரு' இல்லை. 'கல்லறை' இல்லை.

இது இல்லாமையைப் பற்றிய புகார் மட்டுமில்லை. அறிக்கையின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள் என்று என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. நம் பங்கு இளைஞர்கள் எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்று அது தொடங்குகிறது. வாழ வேண்டும் என்று இல்லை, வாழ்கிறார்கள் என்று. தொலைநோக்கு என்றால் எதிர்காலத்தில் எழுத வேண்டிய ஒன்று. இன்னும் வந்துசேராத ஓர் இடத்தைக் காட்ட வேண்டிய ஒன்று. இங்கே அது நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நாம் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டோமாம்.

எங்கள் பங்கில் கோவில், ஃபாதர் வீடு, பள்ளிக்கூடம், மண்டபம் எல்லாம் ஊர்த்தெருவில். காலனியில் ஒரு கெபி மட்டும். திருவிழாத் தேர் ஊர்த்தெருவைச் சுற்றி வந்து காலனி முனைப் புளியமரத்தோடு திரும்பிவிடும். எங்க ஜனம் மெழுகுவர்த்தியோடு புளியமரத்தடிக்குப் போய் நின்று மாதாவைக் கும்பிட்டுவிட்டு வரும். கல்லறை இரண்டு. எங்கள் சாவு பின்பக்கம் ஓடையோரமாகப் போகிறது. நவநாள் பூசை உபயதாரர் பட்டியலில் காலனிக்கும் ஒரு நாள் உண்டு. அன்றைக்கு ஊர்த்தெருவிலிருந்து கூட்டம் வராது. இதுதான் அந்த 'ஒரே குடும்பம்'.

2

இலக்கியப் பத்திரிகையில் போய் ஒரு பங்கின் அறிக்கையை எதற்கு விமர்சனம் செய்ய வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். நாவலையும் கவிதையையும் மட்டும்தான் பிரதி என்று வாசிக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம்மைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி கதையுமில்லை, கவிதையுமில்லை. காவல்நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்., தாசில்தாரின் சாதிச் சான்றிதழ், கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, திருவிழா நோட்டீஸ், கூட்ட மினிட்ஸ். நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பிரதிகள் இவைதான். இவற்றை வாசிக்கக் கற்றுக்கொள்ளாமல் மற்றதை வாசித்து என்ன பயன்?

'மிஷன்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எங்க ஆயாவுக்கு மிஷன் என்றால் ஓர் இடம். மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் கெணறு. "பஞ்சத்துல மிஷன்லதான் கஞ்சி ஊத்துனாங்க" என்று அது சொல்லும். மற்ற எந்த வாசலும் திறக்காத காலத்தில் கால் வைக்க முடிந்த வாசல் என்று அந்தச் சொல்லுக்கு எங்கள் தெருவில் பொருள். அக்கா மகள் 'மிஷன்' எழுதப் போகிறாள் என்று கேட்டபோது ஆயா உயிரோடு இருந்திருந்தால், எந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் போகிறார்கள் என்றுதான் கேட்டிருக்கும்.

அனுப்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் குருக்களைத் தொலைதேசங்களுக்கு அனுப்பியபோது அப்படிச் சொன்னார்கள். பிறகு அது ராணுவத்துக்குப் போனது, அப்புறம் கம்பெனிகளுக்குப் போனது. உங்கள் நிறுவனம் எதற்காக இருக்கிறது, அதை ஒரு வாக்கியத்தில் சொல் என்று முதலாளிகளிடம் கேட்டவர் பீட்டர் டிரக்கர் என்கிற நிர்வாகவியல் எழுத்தாளர். அவரைத் தன் ஆசான்களில் ஒருவர் என்று சொல்லிக்கொண்டவர் ரிக் வாரன். 1980இல் கலிஃபோர்னியாவில் சாடில்பேக் சபையைத் தொடங்கியவர். நோக்கத்தை முன்வைத்துச் சபையை நடத்துவது பற்றி அவர் எழுதிய புத்தகம் 1995இல் வந்தது. அதே சபையின் இளைஞர் ஊழியர் டக் ஃபீல்ட்ஸ், இளைஞர் பணிக்கு அதே முறையைப் பொருத்தி 1998இல் ஒரு புத்தகம் எழுதினார். கோவிலிலிருந்து கிளம்பிய சொல் கம்பெனி வழியாகச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு கோவிலுக்கே திரும்பி வந்த கதை இது. இன்றைக்கு சபை வித்தியாசமில்லாமல் இந்த வடிவம் புழங்குகிறது. அவர்கள் 'தரிசனம்' என்பார்கள், நம்மாட்கள் 'தொலைநோக்கு' என்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக நான் இதை ஒதுக்கச் சொல்லவில்லை. கிறித்தவமே அப்படி வந்ததுதான். எதற்காகக் கூடுகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்வதும் நல்லதுதான். எழுதாத இயக்கம் ஃபாதர் மாறும்போது மாறிப்போகும். எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. கம்பெனி தன் அறிக்கையை எழுதும்போது யாருக்கு விற்கிறோம், யார் வாங்கவில்லை, ஏன் வாங்கவில்லை என்று கணக்குப் பார்த்துவிட்டு எழுதும். நம் பங்கில் அந்தக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள்.

3

கணக்கே பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பயிலரங்கில் சார்ட் பேப்பர் ஒட்டி நான்கு கட்டம் போட்டார்களாம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். குழுக் குழுவாகப் பிரிந்து எழுதியிருக்கிறார்கள். பலம் என்ற கட்டத்தில் பாடகர் குழு, பழமையான கோவில், வெளிநாட்டில் வேலைபார்க்கும் பங்கு மக்களின் நன்கொடை. பலவீனம் என்ற கட்டத்தில் நான்காவதாக ஒரு வரி: 'காலனிப் பசங்க கூட்டத்துக்கு வருவதில்லை.'

அக்கா மகள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "எழுதுனது யாரு?" என்று கேட்டேன். "என் குரூப்புதான் மாமா. நான்தான் ஸ்கெட்ச்சுல எழுதுனேன். அவங்க சொல்லச் சொல்ல எழுதுனேன்."

அந்த மூன்று நாளில் காலனி என்ற சொல் எழுதப்பட்ட ஒரே இடம் அதுதான். அதுவும் பங்கின் பலவீனமாக. ஏன் வருவதில்லை என்று அடுத்த கட்டம் கிடையாது. கூட்டம் இரண்டாம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடக்கிறது. மண்டபத்தின் சாவி ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் குடில் போட, தேருக்குத் தடி பிடிக்க, திருவிழாப் பந்தலுக்குக் குழி தோண்ட எங்க பசங்களைக் கூப்பிட ஆள் வரும். நாடகத்தில் சூசையப்பர் வேஷம் போட யாரும் கூப்பிட்டதில்லை, ஏரோதின் சேவகன் வேஷம்தான். இப்போது பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். மீதிப் பேர் எங்கேயும் போவதில்லை. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்தால் கோவில் வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். இவர்கள் வராததற்கு இவர்கள் காரணமில்லை. ஆனால் சார்ட் பேப்பரில் இவர்கள்தான் பலவீனம்.

அந்த வரியும் இறுதி அறிக்கைக்கு வரவில்லை. 'பங்கேற்பை அதிகரித்தல்' என்று மாறிவிட்டது. சார்ட் பேப்பரில் பழியாகவாவது இருந்த காலனி, அறிக்கைக்கு வரும்போது காணாமலே போய்விட்டது.

4

இதில் என்னை மட்டும் யோக்கியனாகக் காட்டிக்கொள்ள முடியாது. 1995இல் அதே பங்கின் இளைஞர் இயக்கத்துக்கு நான்தான் செயலாளர். காலனியிலிருந்து வந்த முதல் செயலாளர். எனக்கு அப்போது 21 வயது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்திருந்தது. ஒரே பிரதி எங்கள் தெருவில் கை மாறி மாறி அட்டை கிழிந்துபோய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கோவிலுக்குள்ளே, மடத்துக்குள்ளே நடப்பதை நம்மாள் ஒருத்தி எழுதலாமா, எழுதினால் புத்தகமாகுமா என்று எங்களுக்கு ஒரே ஆச்சரியம்.

அந்தத் தெம்பில் இயக்கத்தின் 'நோக்கங்கள்' என்று ஒரு பக்கம் எழுதினோம். முதல் நோக்கம் தேர் காலனிக்கு வர வேண்டும். இரண்டாவது, கல்லறை ஒன்றாக வேண்டும். அப்போதிருந்த ஃபாதர் நல்லவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, நீ எழுதியிருக்கறது நோக்கம் இல்லப்பா, கோரிக்கை. கோரிக்கைய தனியா மனுவா எழுதிக் குடு. நோக்கத்துல எல்லாருக்கும் பொதுவானத எழுது."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு வரியையும் அடித்துவிட்டு, 'எல்லாவித வேற்றுமைகளையும் களைந்து' என்று எழுதினேன். என் கையெழுத்தில்தான். அந்த வாக்கியம் பங்கின் திருவிழா மலரில் அச்சாகி வந்தது, கீழே செயலாளர் என்று என் பெயர். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். மனு என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது. எந்த மேசை இழுப்பறையில் செத்ததோ.

இப்போது யோசித்தால் அந்த ஒரு வார்த்தையில்தான் சூட்சுமம் இருந்தது. ஊர்த்தெருவின் விருப்பம் என்றால் அது 'நோக்கம்'. பொதுவானது, ஆன்மிகமானது, அச்சில் ஏறத்தக்கது. காலனியின் விருப்பம் என்றால் அது 'கோரிக்கை'. தனியானது, அரசியலானது, மனுவாகக் கொடுக்க வேண்டியது. கோவிலுக்குப் புதுக் கோபுரம் கட்ட வேண்டும் என்று அதே மலரில் ஒரு நோக்கம் இருந்தது. அதை யாரும் கோரிக்கை என்று சொல்லவில்லை.

ஆகவே அக்கா மகளைக் குற்றம்சொல்ல எனக்கு வாயில்லை. அவள் ஸ்கெட்ச் பேனாவில் செய்ததை நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்க் பேனாவில் செய்தேன்.

5

'எல்லாரும் ஒன்று' என்று எழுதுவதில் என்ன நஷ்டம், நல்ல வார்த்தைதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கை நினைவுபடுத்த வேண்டும். மாணவத் தோழர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. சூசைக்கு இல்லை, அவர் கிறித்தவர் என்பதால். அவர் உச்சநீதிமன்றம் போனார். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. சூசை வழக்கில் 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தப் புதிய மதத்துக்குள்ளும் அதே அளவு ஒடுக்குமுறையை அனுபவிக்கிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்று எங்கள் முன்னால் இல்லை. சூசை தோற்றார்.

சான்று இல்லையாம். கல்லறைச் சுவர் இருக்கிறது, ஆனால் சான்று இல்லை. புளியமரத்தோடு திரும்பும் தேர் இருக்கிறது, ஆனால் சான்று இல்லை. ஏன் இல்லை? எழுதும் இடத்தில் இருந்தவர்கள் எழுதவில்லை. எழுதக் கிடைத்த இடத்தில் என்னைப்போன்றவர்கள் அடித்துவிட்டார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு ஆணையமும் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்கிறது. உங்கள் கோவிலுக்குள் சாதி இருக்கிறதா, இருந்தால் காட்டு.

அப்போது யாராவது எங்கள் பங்கின் இளைஞர் அறிக்கையை எடுத்து நீட்டினால் என்ன ஆகும்? 'எந்த வேறுபாடும் இல்லாமல் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள்' என்று பங்கே எழுதி முத்திரை குத்தியிருக்கிறதே! டைப் அடித்தது காலனிப் பெண் என்று வேறு காட்டலாம்.

காலனி இளைஞனின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ஆகவே பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு பெயர், கோவில் பதிவேட்டுக்கு ஒரு பெயர் என்று இரண்டு பெயரோடு வாழ்கிற பிள்ளைகள் எத்தனை பேர் நம் தெருக்களில். அரசாங்கம், நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது. கோவில், நீ காலனிக்காரன், உன் கல்லறை அந்தப் பக்கம் என்கிறது. பதினேழு வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய 'இளைஞர் பிரச்சினை' வேறென்ன இருக்கிறது? செல்போன் ஒழுக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கிய அறிக்கை இதற்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

பத்துக் கட்டளையில் எட்டாவதை ஞானோபதேச வகுப்பில் நம் எல்லாரையும் மனப்பாடம் பண்ண வைத்தார்கள். அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது. பார்க்காமல் எழுதுகிற தொலைநோக்கு வெறும் அலங்கார வாக்கியம் இல்லை. அது பொய்ச்சாட்சி. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன்.

6

திருச்சபையின் மேல்மட்டமே சாதியைப் பேசாமல் இருக்கும்போது சின்னஞ்சிறு பங்கை ஏன் திட்டுகிறாய் என்று சொல்ல முடியாது. மேல்மட்டம் பேசியிருக்கிறது. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இந்தியாவின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். 'தலித்' என்ற சொல் ரோம்வரை போய்விட்டது, டெல்லியில் அச்சாகிவிட்டது. எங்கள் பங்கு மண்டபத்துக்குள் மட்டும் நுழைய முடியவில்லை. தேரைப்போல அதுவும் புளியமரத்தோடு திரும்பிவிடுகிறது.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் இருக்கிறது. பொதுப்பாதை, பொதுச் சடங்கு, சம மரியாதை எதுவும் கிடைக்காத தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டது. ஆதிக்க சாதிக் கிறித்தவர்கள் இருவர் செத்தார்கள். ஒரே மாதாவின் பிள்ளைகள். சாதி அவர்களுக்கும் சாவைத்தான் கொடுத்தது. சாதியைப் பேசாமல் இருப்பது அமைதி என்று நினைக்கிற ஊர்த்தெரு நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். செத்த பிறகும் பிரித்து வைக்கிற சுவரை எந்த 'ஒன்றிப்பு' வாக்கியம் இடித்திருக்கிறது?

7

அப்படியென்றால் இளைஞர் பணிக்குத் தொலைநோக்கே வேண்டாமா? வேண்டும். ஆனால் தொலைவை நோக்குவதற்கு முன்னால் பக்கத்தில் பார்க்க வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குரு 1925இல் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தை முறையாகத் தொடங்கினார். தொழிலாளி வீட்டுப் பிள்ளை. செமினரியிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போனபோது, மில்லுக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போய்விட்ட பழைய சிநேகிதர்கள் தன்னிடமிருந்து விலகி நின்றதைக் கண்டவர். அந்தக் காயத்திலிருந்துதான் அவர் இயக்கம் வந்தது. அவர் முறைக்கு மூன்று வினைச்சொற்கள். பார், தீர்மானி, செயல்படு. 1961இல் போப் இருபத்துமூன்றாம் ஜான் தன் சுற்றுமடலில் இந்த முறையை ஏற்றுக்கொண்டார்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1924இல், பம்பாயில் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அதற்கும் மூன்று வினைச்சொற்கள். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களில்லை. ஆனால் இரண்டு பேருமே ஒடுக்கப்பட்டவர்களிடம் பெயர்ச்சொற்களைக் கொடுக்கவில்லை, வினைச்சொற்களைக் கொடுத்தார்கள். எங்கள் பங்கின் அறிக்கையில் இருப்பதெல்லாம் பெயர்ச்சொற்கள். ஒன்றிப்பு, தலைமைத்துவம், விழுமியம், மேம்பாடு. யார் செய்வது, யாருக்குச் செய்வது, எப்போது செய்வது என்ற கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ளப் பெயர்ச்சொல்லைப்போல வசதி வேறில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த 'பரட்டை' தியோஃபிலஸ் அப்பாவு இதைச் சனங்களின் மொழியில் 'ஒரு உலை' என்றார். 2005இல் இறந்துபோனார். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டியவர். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம், நற்கருணை என்பதும் அதுதான் என்று அவர் விளக்குவார். எங்கள் பங்கின் 'ஒரே குடும்ப'த்தை இந்த ஒரு கேள்வியில் உரசிப் பார்த்துவிடலாம். உலை எங்கே? காலனி வீட்டில் பொங்கின சோற்றை ஊர்த்தெரு இளைஞன் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது?

8

இதையெல்லாம் நான் அக்கா மகளிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, நீங்க செயலாளரா இருந்தப்போ கடைசி ஊட்டுப் பசங்க யாராச்சும் இயக்கத்துல இருந்தாங்களா?"

கடைசி வீடு என்பது எங்கள் காலனியின் புதிரை வண்ணார் வீடு. நம்ம துணியை வெளுத்து, நம்ம சாவுக்கும் சடங்குக்கும் வேலை செய்து, நம்ம வாசலில் சோறு வாங்கிப் போனவர்கள். இல்லை, யாரும் இருந்ததில்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. "பொண்ணுங்க?" என்று அடுத்துக் கேட்டாள். பெண்கள் இருந்தார்கள், பாட்டுப் பாட. நோக்கம் எழுதிய இரவில் மண்டபத்தில் இருந்தது நாங்கள் ஆறு ஆம்பிளைகள்.

ஊர்த்தெருவின் 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் நான் இல்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். என்னுடைய 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் இல்லை என்று ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள். இந்தக் கேள்வியைச் சாக்காக வைத்து, 'உங்களுக்குள்ளேயே இருக்கிறதே' என்று ஊர்த்தெரு தப்பித்துக்கொள்ள விடக்கூடாது. அதே சமயம் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று பயந்து நாம் இதை மறைக்கவும் கூடாது. சாட்சி என்று வந்தால் நமக்கு எதிரான சாட்சியையும் நாமேதான் சொல்ல வேண்டும்.

பிறகு இருவரும் உட்கார்ந்து மூன்றாவதாக ஒரு தாள் எழுதினோம். எழுதினோம் என்ன, அவள் எழுதினாள், நான் டீ போட்டேன். பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. முதல் மூன்று மாதம் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். ஊர்த்தெருவும் காலனியும் கலந்த குழுக்கள் வீடு வீடாகப் போய் பார்க்க வேண்டும், கடைசி வீடு உட்பட. யார் படிப்பை நிறுத்தியது, யாருக்கு இரண்டு பெயர், யார் கூட்டத்துக்கு வருவதில்லை, ஏன் என்று அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும். பார்த்ததை பங்குப் பேரவையில் படிக்க வேண்டும். இயக்கத்தின் கூட்டம் ஒரு மாதம் மண்டபத்திலும் ஒரு மாதம் காலனிக் கெபியிலும் நடக்க வேண்டும். கூட்டம் நடக்கும் தெருவில் சமைத்து எல்லாரும் அங்கேயே சாப்பிட வேண்டும். தேர் காலனிக்குள் வருவதும் கல்லறை ஒன்றாவதும் எந்த ஆண்டுக்குள் என்று தேதி போட வேண்டும். பொறுப்பாளர்களில் பாதிப் பேர் பெண்கள். முதல் வாக்கியத்தில் 'வாழ்கிறார்கள்' என்பதை எடுத்துவிட்டு, இன்னும் வாழவில்லை என்று எழுத வேண்டும்.

'வேற்றுமைகளைக் களைவோம்' என்று எழுதினால் களைந்துவிட்டோம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். 'இந்த ஆண்டுக்குள் தேர் காலனிக்கு வரும்' என்று எழுதினால், வராதபோது வரவில்லை என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். நிறைவேறவில்லை என்று காட்ட முடிகிற வாக்கியம்தான் தொலைநோக்கு. இளைஞர்களுக்கு அறிக்கை எழுதப் போகிற தோழர்கள் எந்த சபையைச் சேர்ந்தவர்களானாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இளைஞர்கள் நாளைய திருச்சபை என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் காக்க வைத்திருந்தார்கள். 2019இல் போப் பிரான்சிஸ் இளைஞர்களுக்கு எழுதிய மடலில், அவர்கள் எதிர்காலம் மட்டுமில்லை, கடவுளின் இன்றைய காலமே அவர்கள்தான் என்று சொன்னார். நல்லது. அப்படியானால் இன்றைக்குத் தேர் எங்கே திரும்புகிறது என்பதை எழுதும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

அக்கா மகள் மூன்று தாளையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு கூட்டம். வாசல்வரை போனவள் திரும்பி நின்று, "மூணாவது தாள ஏத்துக்கலன்னா என்ன மாமா பண்றது?" என்று கேட்டாள்.

"ஏத்துக்கலங்கறதயும் மினிட்ஸ்ல எழுதச் சொல்லு. தேதி போட்டு, யாரு யாரு வேணாம்னு சொன்னாங்கன்னு பேரோட. நீயும் கையெழுத்துப் போடு. ஒரு காப்பி வாங்கிக்கினு வா" என்றேன்.